இலவச மாத்திரை, ஒன்று ஏழு ரூபாய்

மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு மெயின்டனன்ஸ் பத்தி ஒரு பேப்பர் உண்டு. மத்த டிபார்ட்மென்ட் மக்களுக்காக அதை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். மெஷின் நின்ற பிறகு ஓடிப்போய் சரி பண்ணினால் அது பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். நிற்பதற்கு முன்பே எண்ணெய் விட்டு, பெல்ட்டைப் பார்த்து, பேரிங்கை மாற்றினால் அது ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ். இரண்டில் எது செலவு குறைவு என்று செமஸ்டரில் ரெண்டு மார்க் கேள்வி வரும். படிக்காமல் போனாலும் எழுதிவிடலாம்.

ஆனால் இதே கேள்வியை மனுஷ உடம்பை வைத்துக் கேட்டால் உலகத்தில் பாதி நாடுகள் அந்த ரெண்டு மார்க்கைக் கோட்டை விட்டுவிடும். ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டுவதற்குக் காசு கிடைத்துவிடுகிறது. ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். பத்து ஊருக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை போய்ச் சேருவதற்குக் காசு ஒதுக்கச் சொன்னால் கை இழுக்கிறது. யாருக்கும் பக்கவாதம் வரவில்லை என்பதை எப்படிப் போட்டோ எடுப்பது?

ஆரம்ப சுகாதாரம் என்று நாம் சொல்வது அந்த இரண்டாவது வகையைத்தான். தடுப்பூசி, கர்ப்பிணிக்குப் பரிசோதனை, காய்ச்சலுக்கு மருந்து, பிரஷர், சர்க்கரைக்கு மாத்திரை. இதற்கு யார் காசு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. தலைப்பைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். எனக்கும் எகனாமிக்ஸ் தெரியாது. என் பெரியப்பாவின் கணக்கிலிருந்துதான் நானே இதற்குள் வந்தேன்.

பெரியப்பா கணக்கு

எங்கள் சொந்த ஊர் அருப்புக்கோட்டை பக்கம். பெரியப்பா விசைத்தறி ஓட்டினவர். தறி ஓடினால் கூலி, நின்றால் இல்லை. லீவு என்ற வார்த்தைக்கே அங்கே அர்த்தம் கிடையாது.

2017-ல் ஊரில் நடந்த முகாமில் அவருக்கு பிரஷர் இருப்பது தெரிந்தது. தினமும் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்கப் போடணும், மாசத்துக்கு ஒரு தடவை வந்து வாங்கிக்கங்க, காசு கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையம் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மருந்து இருந்தது. டாக்டரும் இருந்தார். உண்மையிலேயே யாரும் பத்து பைசா கேட்கவில்லை.

ஆனாலும் பெரியப்பா சில மாதங்களில் போவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது கணக்குப் போட்டால் புரிகிறது. காலையில் பஸ் ஏறி, வரிசையில் நின்று, பிரஷர் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்பினால் மதியம் தாண்டிவிடும். அரை நாள் தறி நிற்கும். அவர் அப்போது வாங்கிய கூலிக்கு அது சுமார் 200 ரூபாய். போக வர பஸ்ஸுக்கு 20. ஆக, 30 மாத்திரைக்கு 220 ரூபாய். வகுத்துப் பாருங்கள். இலவச மாத்திரை ஒன்று ஏழு ரூபாய் முப்பத்து மூன்று பைசா.

அதே மாத்திரை ஊருக்குள் இருந்த மெடிக்கலில் இரண்டு, மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது. அதனால் பெரியப்பா எடுத்த முடிவு முட்டாள்தனமே இல்லை. தலை சுற்றினால் பத்து மாத்திரை வாங்கிப் போட்டார். சுற்றாதபோது, "நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிட்டார். பிரஷரில் இருக்கிற வில்லங்கமே அதுதான். அது நமக்குள்ளே வேலை பார்க்கும்போது நாம் நல்லாத்தான் இருப்போம்.

2019-ல் ஒரு நாள் தறிக்கூடத்திலேயே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் சிகிச்சைக்கு ஆன பில்லில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. அந்த அட்டை இல்லை என்றால் இருக்கிற கொஞ்ச நிலமும் போயிருக்கும். இதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன்.

பெரியப்பா உயிரோடு வந்தார். இடது கை வரவில்லை. அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட ரெண்டு கையும் வேண்டும். அண்ணன், அதாவது பெரியப்பா மகன், அப்போது டிப்ளமோ இரண்டாம் வருஷம். படிப்பை நிறுத்திவிட்டு அதே தறியில் போய் நின்றான். ரேடியோவைப் பிரித்து மாட்டி எனக்கு சோல்டரிங் சொல்லிக்கொடுத்தவன் அவன். இன்று நான் ஃபைனல் இயர். என் அப்பாவுக்கு டவுனில் வேலை கிடைத்தது, என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க முடிந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் அந்த மாத்திரைக்கும் ஒரு பங்கு உண்டு.

அரசாங்கம் அந்த மாத்திரையை மொத்தமாக வாங்கும் விலை ஒன்று ஒரு ரூபாய்க்கும் கீழே. அது பெரியப்பா வீடு வரை வந்து சேர்வதற்குப் பெரிய செலவு ஆகியிருக்காது. ஆனால் அதற்குக் கணக்கில் தலைப்பு இல்லை. மதுரை பில்லுக்குத் தலைப்பு இருந்தது.

"ஓசியில் கொடுக்கக் கூடாது மச்சான்"

ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டலில் இதை ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் நல்ல பையன். ஆனால் நம்மில் பல பேர் மாதிரி 'இலவசம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே சூடாகிவிடுவான்.

"எதையும் ஓசியில் கொடுக்கக் கூடாது மச்சான். அஞ்சு ரூபா வாங்கினாத்தான் மதிப்பு தெரியும். அந்தக் காசுலயே மருந்து வாங்கிப் போட்டா சிஸ்டம் தானா ஓடும்ல?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கு, இல்லையா? இதே யோசனை ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய பெரிய மேஜைகளில் பேசப்பட்டது என்பது பிறகு படிக்கும்போதுதான் தெரிந்தது.

1978-ல் அன்றைய சோவியத் யூனியனில் இருந்த அல்மா அட்டா நகரத்தில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும், 2000-க்குள் எல்லோருக்கும் நலவாழ்வு என்று பிரகடனம் செய்தன. அடுத்து வந்தது கடன் நெருக்கடிக் காலம். ஆப்பிரிக்க நாடுகளின் கஜானா காலி. கிராமத்து மருத்துவமனைகள் இருந்தன, அலமாரியில் மருந்து இல்லை. 1987-ல் மாலி நாட்டின் தலைநகர் பமாகோவில் ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மருந்துக்கு மக்களிடம் கொஞ்சம் காசு வாங்குவோம், அந்தக் காசு ஊரிலேயே இருக்கட்டும், அதை வைத்து மறுபடி மருந்து வாங்குவோம். அதே வருஷம் உலக வங்கியும், வளரும் நாடுகள் மருத்துவத்துக்குக் கட்டணம் வாங்கலாம் என்று அறிக்கை போட்டது. என் ரூம்மேட் சொன்னதும் இதைத்தான்.

கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. சில ஊர்களில் அதனால் அலமாரியில் மருந்தும் வந்தது. ஆனால் காசு கொடுக்க முடியாதவர்கள் வராமல் நின்றுவிட்டார்கள். வராதவர்களின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது. அதனால் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக நடப்பது போலவே இருக்கும்.

உகாண்டா 2001-ல் அரசு மருத்துவ நிலையங்களில் இந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. நோயாளிகள் கூட்டம் மளமளவென்று கூடியது. அதில் ஏழைகள்தான் அதிகம் பயனடைந்தார்கள். அதாவது அத்தனை நாளும் நோய் இருந்திருக்கிறது, ஆள்தான் வரவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது கென்யாவில் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வு. லேப் ரிப்போர்ட் மாதிரி சுத்தமாக இருக்கும். கர்ப்பிணிகளுக்கு மலேரியாவைத் தடுக்கும் கொசுவலை. சில கிளினிக்கில் சும்மா கொடுத்தார்கள், சிலவற்றில் வெவ்வேறு விலை வைத்தார்கள். எந்த கிளினிக்குக்கு எந்த விலை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். சும்மா கொடுத்த இடத்தோடு ஒப்பிட்டால், அரை டாலருக்குக் கொஞ்சம் மேலே விலை வைத்த இடத்தில் வலை எடுத்துக்கொண்டவர்கள் 60 சதவீதப் புள்ளி குறைந்துவிட்டார்கள். சரி, காசு கொடுத்து வாங்கினவங்களாவது ஒழுங்காப் பயன்படுத்தினாங்களா? சும்மா வாங்கியவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. 'காசு கொடுத்தால்தான் மதிப்பு' என்ற நம்பிக்கை அந்த இடத்தில் நிற்கவில்லை.

இதைக் காட்டினதும் ரூம்மேட் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான் பாருங்க, அதுதான் உருப்படியான கேள்வி.

"சரிடா. அப்ப யாரு காசு கொடுக்கிறது?"

காசு எப்போது வாங்குவது

எப்படியும் நாம்தான் கொடுக்கப் போகிறோம். வானத்திலிருந்து யாரும் போடப்போவதில்லை. எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நோய் வந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் கொடுப்பது ஒரு வழி. நன்றாக இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் சேர்ந்து கொடுத்து வைப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்குப் பெயர் வரி.

பெரியப்பா வருமான வரி கட்டியதே இல்லை. "அவரு மாதிரி ஆளுங்க வரியே கட்டறதில்ல, நாமதானே கட்டறோம்" என்று ஒரு பேச்சு உண்டு. அவர் வாங்கும் சோப்புக்கும் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் ஜிஎஸ்டி இருக்கிறது. அந்த மாத்திரைக்கு அவர் முன்கூட்டியே காசு கட்டியவர். எனவே இலவசம் என்ற வார்த்தையே கொஞ்சம் தப்பு. ஹாஸ்டலில் மெஸ் பில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவனை யாரும் ஓசிச் சோறு சாப்பிடுகிறான் என்று சொல்வதில்லையே.

இந்தியாவில் இது எங்கே நிற்கிறது? மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கைப் பார்த்தால், 2013-14-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 64 ரூபாய் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. 2021-22-ல் அது 39 ரூபாய் ஆகக் குறைந்திருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 39 என்பதும் சின்ன எண் இல்லை. அரசு செலவிடுவது அதே 2021-22-ல் ஜிடிபியில் 1.84 சதவீதம். 2017-ல் வந்த தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் 2.5 சதவீதம் என்று இலக்கு வைத்தது. அதில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது.

காப்பீட்டுத் திட்டங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை கொடுக்கிறது. ஆனால் அந்தக் காசு வர வேண்டுமென்றால் பொதுவாக நீங்கள் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆக வேண்டும். தினசரி மாத்திரைக்குக் கிளைம் போட முடியாது. மக்கள் கையிலிருந்து போகும் காசில் பெரும்பங்கு மருந்துக்கும், அட்மிட் ஆகாமல் பார்க்கும் வைத்தியத்துக்கும்தான் போகிறது. மெயின்டனன்ஸ் பாஷையில் சொன்னால், பிரேக்டவுனுக்கு ஐந்து லட்சம் இன்சூரன்ஸ் இருக்கு, எண்ணெய் விடறதுக்கு ஒரு பைசா இல்லை. காப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை, பெரியப்பா உயிரோடு இருப்பதே அதனால்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

புதுக் காசுக்கு வழி இருக்கா என்றால், பிலிப்பைன்ஸ் 2012-ல் ஒன்று செய்தது. சிகரெட், மது மீதான வரியை ஏற்றி, அதில் கிடைத்த கூடுதல் வருமானத்தில் பெரும்பகுதியைச் சுகாதாரத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஏழைக் குடும்பங்களின் காப்பீட்டுப் பிரீமியத்தை அதிலிருந்து அரசே கட்டியது. நோயை உண்டாக்கும் பொருளிடமே நோய்க்குக் காசு வசூலிக்கும் ஐடியா.

காசு எந்த வாசல் வரை போவது

காசு இருந்தால் மட்டும் போதாது. உகாண்டாவில் கட்டணத்தை எடுத்ததும் கூட்டம் கூடி, சில இடங்களில் மருந்து தீர்ந்துபோனது. வாங்காமல் விட்ட காசுக்குப் பதிலாக இன்னொரு பக்கத்திலிருந்து காசும் மருந்தும் நிற்காமல் வர வேண்டும். இந்த இடத்தில் நம்ம ஊர் ஆட்கள் செய்த ஒரு வேலையை எல்லா இன்ஜினியரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. பூர்ணலிங்கம் என்ற ஐஏஎஸ் அதிகாரியின் பெயர் அதோடு சேர்த்தே சொல்லப்படும். மாநிலம் முழுவதற்கும் மருந்தை ஒரே இடத்திலிருந்து டெண்டர் விட்டு வாங்குவது. பிராண்ட் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில் வாங்குவது. முதலில் கம்பெனியின் தரத்தைப் பார்த்துவிட்டு, அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரிப்பது. வந்த ஒவ்வொரு பேட்ச்சிலும் சாம்பிள் எடுத்து வெளி லேபுக்கு அனுப்பி, பாஸ் ஆன பிறகே வெளியே விடுவது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாஸ்புக் முறை. ஒவ்வொரு சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். இந்த வருஷம் உனக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து என்று அதில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நிலையத்தின் கையில் காசு வராது. மாவட்டக் கிடங்குக்குப் போய் வேண்டிய மருந்தை எடுத்தால் அதன் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மேலே இருப்பவர் தீர்மானிக்காமல், அந்த ஊர் நோயைத் தெரிந்தவர் தீர்மானிக்கிறார். கிடங்கில் என்ன குறைகிறது என்பது தலைமையிடத்துக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். நாம் இப்போது சப்ளை செயின் என்று பிபிடி போட்டுப் பேசுவதை முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு அரசாங்க ஆபீஸ் செய்துவிட்டது. பிறகு கேரளா, ராஜஸ்தான் என்று பல மாநிலங்கள் இதைப் பின்பற்றி அமைப்புகளை உருவாக்கின. 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அட்டையை அடுத்த தடவை பார்த்தால் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வாசலுக்கு முதலில் காசு கொடுப்பது என்பதில் தாய்லாந்து ஒரு நல்ல பாடம். 1980-களின் முற்பகுதியில் அந்த நாடு நகரத்து ஆஸ்பத்திரிகளில் புதிதாகக் கட்டுவதற்கான முதலீட்டை சில வருஷங்கள் நிறுத்தி வைத்தது. அந்தக் காசைக் கிராமத்துப் பக்க மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் திருப்பிவிட்டது. நகரத்து ஆட்கள் எவ்வளவு கத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! இருபது வருஷம் கழித்து, 2002-ல், வேறு எந்தத் திட்டத்திலும் இல்லாத அத்தனை மக்களையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு தடவை போனால் 30 பாட், ஏழைகளுக்கு அதுவும் கிடையாது. மிச்சம் எல்லாம் பொது வரிப் பணம். அந்தந்தப் பகுதி மருத்துவமனைக்கு அதில் பதிவு செய்த மக்களின் தலைக்கு இவ்வளவு என்று, முதல் வருஷம் சுமார் 1,200 பாட், அரசு கொடுத்தது. தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டால், மக்கள் நோய்வாய்ப்படாமல் இருப்பதில் மருத்துவமனைக்கும் லாபம் வருகிறது. ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

அப்போது தாய்லாந்து பணக்கார நாடு இல்லை. வாசலை முதலில் கட்டி வைத்திருந்தது. அதனால் 2002-ல் அறிவிப்பு வந்ததும் மக்கள் போய் நிற்பதற்கு பக்கத்திலேயே ஒரு இடம் இருந்தது.

கடைசி ஏழு கிலோமீட்டர்

நம்ம ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் காசும் மருந்தும் வந்துவிட்டது. பெரியப்பா விழுந்தது அதற்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஏழு கிலோமீட்டரில்.

பெரியப்பா மட்டும் இல்லை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பிரஷர் இருப்பவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 100-க்கு சுமார் 7 பேர்தான். சர்க்கரையில் சுமார் 11 பேர். மருந்து சும்மா கிடைக்கும் மாநிலத்தில் இந்த நிலைமை.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிரஷர், சர்க்கரை பார்க்கும் கருவிகளோடு வீடு வீடாக அனுப்பினார்கள். மாத்திரையும் வீட்டுக்கே. தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி.

எங்கள் ஊருக்கு ஒரு அக்கா வருகிறார். போன லீவில் நான் போயிருந்தபோது பார்த்தேன். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி வலது கையை நீட்டினார்.

"மாமா, போன மாசத்தைவிடக் கூட இருக்கு. ஊறுகாயா?"

"இல்லத்தா, கருவாடு."

"மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு? காட்டுங்க."

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்த முழுத் திட்டமும் என்று எனக்குத் தோன்றியது. நாலு மாத்திரை மிச்சம் இருந்தது. எந்த நாலு நாள் என்று அக்கா விசாரித்தார். பெரியம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது. கண், கால் பார்க்க அவர் டவுனுக்குப் போக வேண்டியிருக்கும்போது இப்போது சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அதுவும் ஒரு சுகாதாரச் செலவுதான், வேறு துறை கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

பலன் இருக்கிறதா? 2023-24-ல் மறுபடி எடுத்த கணக்கெடுப்பில் பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் 100-க்கு சுமார் 17 பேர். 7-லிருந்து 17. பாதிக் கிளாஸ் கூட இல்லைதான், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல். 2024-ல் ஐநா அமைப்பின் விருது ஒன்றும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

இதில் எனக்கு உறுத்தும் ஒரு விஷயமும் உண்டு. அந்த அக்கா அரசு ஊழியர் இல்லை, தன்னார்வலர். அவருக்குக் கொடுப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. மாசத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். அவரிடம் கேட்டேன். "வெயில்ல அலையறதுக்குக் கட்டுபடி ஆகாது தம்பி. ஆனா நான் போகலைன்னா இவங்க மாத்திரை போட மாட்டாங்க" என்றார். நாடு முழுக்க ஆஷா பணியாளர்களும் ஊதியத்துக்காக எத்தனையோ தடவை போராடியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதாரம் மலிவானது என்று கணக்குப் போடும்போது, அந்த மலிவில் ஒரு பகுதி இந்தப் பெண்களின் உழைப்பிலிருந்து கழித்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். பெரியப்பாவின் அரை நாள் கூலியை இப்போது அந்த அக்கா தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றால், செலவு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாம என்ன பண்றது

ஃபைனல் இயர் மக்களே, அடுத்த வருஷம் நம்மில் பாதிப்பேர் சம்பளம் வாங்குவோம். ஆபீஸில் குரூப் இன்சூரன்ஸ் கார்டு கொடுப்பார்கள். அதை வாங்கிப் பர்ஸில் வைத்ததும் அரசு சுகாதார நிலையம் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அது நமக்கான இடம் இல்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். ஒரு பொது வசதியை, சத்தம் போடத் தெரிந்தவர்கள் விட்டுவிட்டுப் போனால் அதற்கான பட்ஜெட்டும் மெதுவாகப் பின்னாலேயே போய்விடும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாட்களில் கிராம சபை நடக்கும். எப்படியும் அதில் பாதி நாள் நமக்கு லீவு, ஊரில்தான் இருப்போம். போய் மூன்று கேள்வி கேளுங்கள். நம்ம ஊர் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் பணியிடம் நிரம்பியிருக்கா? போன மூணு மாசத்தில் எந்த மருந்தாவது இல்லையென்று யாரையாவது திருப்பி அனுப்பினாங்களா? வீட்டுக்கு வரும் தன்னார்வலர் எத்தனை வீட்டைப் பார்க்கிறார், அது ஒரு ஆளால் முடிகிற எண்ணிக்கையா? தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நான் ஆகஸ்ட் 15-க்கு ஊருக்குப் போகிறேன். அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறான், அன்றைக்கு தறிக்கு லீவு போட்டுவிட்டு. மூன்றாவது கேள்வியை அவனே கேட்கிறானாம்.